பேஸ்மென்றிலை இருந்த ரீச்சர்

வாங்கோ பிள்ளை, வாங்கோ. சப்பாத்தை உந்தப் பாயிலை கழட்டி விடுங்கோ, ஸ்னோ உருகினால் உதிலை சரியா வழுக்கும். மெல்லமாக் கதைப்பம், என்ன? இவர் இரவு வேலை முடிச்சு விடியத்தான் வந்து படுத்தவர். வாடகைக்குப் பேஸ்மென்ற் பாக்கத்தானே வந்தனீங்கள்? காட்டுறன், காட்டுறன். அது எங்கை ஓடப்போகுது? முதல் இந்தக் கதிரையிலை இருங்கோ. கையெல்லாம் விறைச்சுப்போய்க் கிடக்குது. பஸ்ஸிலையே வந்தனீங்கள்? கடவுளே, இந்தக் குளிருக்கை.

மேலை நானும் இவரும் மட்டும்தான். சத்தம் சந்தடி ஒண்டும் இல்லை. ஒரேயொரு மகள், ஆரணி. அவள் வாட்டலூ யூனிவர்சிற்றியிலை படிக்கிறாள். எனக்கு வேறை ஒரு குறையும் இல்லை பிள்ளை. வீடு இருக்குது, வேலை இருக்குது, இவர் குடிக்கிறேல்லை. ஆரணி ஒருக்கா வந்து இந்த மேசையிலை இருந்து என்ர கையாலை ஒரு வாய் சோறு திண்டாள் எண்டால் எனக்குக் காணும். அது ஒண்டுதான் நடக்குதில்லை. ஏன் நடக்குதில்லை எண்டு கேட்டால், எல்லாம் கீழை முந்தி இருந்தவவாலை வந்த வினை.

உங்களுக்கு ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், நாளைக்கு நீங்கள் தமிழ்க் கடையிலை நிக்கேக்கை ஆரும் சொல்லுவினம், "அந்த மனுசி ரீச்சரைக் கலைச்சவ" எண்டு. நான் கலைக்கேல்லை. அவ தானாப் போனவ. போகேக்கை என்ர கையைப் பிடிச்சு, "நல்லா வச்சிருந்தனீங்கள் அக்கா" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ. அவ சொன்ன சொல்லு அது. நானாச் சேர்க்கேல்லை.

தவமலர் ரீச்சர் எண்டு பேர். வன்னியிலை கணக்குப் படிப்பிச்சவ. புருசன் கடைசிச் சண்டையிலை இல்லாமல் போயிட்டார், பிள்ளையளும் இல்லை. இஞ்சை வந்து அங்கை இங்கையெண்டு நிண்டுபோட்டு, எங்கட கோயில்லை ஒரு அம்மா சொல்லி என்னட்டை வந்தவ. மார்கழி பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி. ஒரு சூட்கேஸ். கொழும்பு மழைக்குப் போடுற மாதிரி ஒரு ஜக்கெற். அதைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டு வாசல்லை நிண்டா. ரீச்சர் எண்டவுடனை நான் ஒண்டும் விசாரிக்கேல்லை. படிச்ச மனுசி, தனிய நிக்கிறா, பாவம் எண்டு உடனை திறப்பைக் குடுத்திட்டன். அப்ப விசாரிச்சிருந்தால் இவ்வளவும் வந்திராது. என்ர இளகின மனசுதான் எனக்கு எதிரி, இவரும் அதைத்தான் சொல்லுவார்.

வந்து ரெண்டு மூண்டு நாளிலை முதல் ஸ்னோ கொட்டினது. ரீச்சர் வெளியிலை போய் நிண்டு கையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, சின்னப்பிள்ளை மாதிரி. நான் கதவைத் திறந்து, "ரீச்சர், பாத்துக்கொண்டு நிண்டால் காணாது, அள்ளவும் வேணும்" எண்டு ஷவலைக் கையிலை குடுத்தன். சிரிச்சுக்கொண்டு வாங்கினவ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய அவதான் அள்ளுறது. நீங்களும் அள்ளவேண்டி வரும் பிள்ளை, அது பேஸ்மென்றிலை இருக்கிற ஆக்களின்ர வேலை, எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான். உடம்புக்கும் நல்லது.

பிறகு ஒருநாள் அழுது முகமெல்லாம் வீங்கிப்போய் வந்து நிண்டா. என்ன ரீச்சர் எண்டு கேட்டால், இஞ்சை படிப்பிக்கிறதெண்டால் எல்லாத்தையும் திரும்ப முதல்லை இருந்து படிக்க வேணுமாம் எண்டு ஆரோ ஒரு ஒபிஸிலை சொல்லிப்போட்டினம். "இருவது வருசம் கரும்பலகைக்கு முன்னாலை நிண்டனான் அக்கா, இப்ப என்னை ஒருத்தரும் ரீச்சர் எண்டு கூப்பிட இல்லை" எண்டு சொல்லி அழுகுறா. எனக்கு நெஞ்சு உருகிப்போச்சு. நான் சொன்னன், "ஏன் அழுகுறியள், நாங்கள் ரீச்சர் எண்டுதானே கூப்பிடுறம். என்ர பெட்டை கணக்கிலை பெயில் விட்டுப்போட்டு நிக்கிறாள். லீவுதானே வருது, அவளைப் படிப்பியுங்கோ." பாருங்கோ, நான்தான் பிள்ளையைக் கீழை அனுப்பினன். என்ர வாயாலைதான் அனுப்பினன்.

கிறிஸ்மஸ் லீவு தொடங்கிச்சுது. ஆரணி காலமை கீழை போனால் பின்னேரம்தான் மேலை வருவாள். முதல் எனக்குச் சந்தோசம். பெட்டை போனைத் தூக்கி எறிஞ்சுபோட்டு கொப்பியும் கையுமா ஓடுறாள். அப்ப அவளுக்குப் பதினாறு வயசு. அந்த வயசிலை எங்களோடை கதைக்குங்களே? "ம்", "இல்லை", "பிறகு", இவ்வளவும்தான் என்னோடை. ஆனால் கீழை கதை. நெடுகக் கதை. சிரிப்பு.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறியளே? உங்கை பாருங்கோ, அந்தக் குசினி மூலையிலை நிலத்திலை ஒரு கம்பி போட்ட ஓட்டை. ஹீற்றர் காத்து வாற வழி. கீழை கதைக்கிறது அதுக்குள்ளாலை மேலை நல்லாக் கேக்கும். நீங்கள் பயப்படாதேங்கோ, நான் ஒட்டுக் கேக்கிற ஆள் இல்லை. அப்ப, நிலம் துடைக்கேக்கை கேட்டது. ஒவ்வொரு நாளும் நிலம் துடைக்கத்தானே வேணும்? முழங்காலிலை இருந்து துடைக்கேக்கை காது தானா அதுக்குக் கிட்டப் போகுது.

ஒருநாள் ஆரணி சொல்லுறாள், "ரீச்சர், எங்கட அம்மா என்னோடை மார்க்ஸைத் தவிர வேறை ஒண்டும் கதைக்கிறேல்லை" எண்டு. ரீச்சர் சொல்லுறா, "அம்மாவுக்கு வேலைக் களைப்பு, நீங்கள் போய்ப் பக்கத்திலை இருங்கோ, தானாக் கதைப்பா" எண்டு. நல்லாத்தான் சொன்னவ. எண்டாலும் எனக்கு எரிஞ்சுது பிள்ளை. ஏன் எரிஞ்சுது எண்டு இப்பவும் விளங்கேல்லை. என்ர வீட்டிலை என்ர பிள்ளையை எனக்குப் பக்கத்திலை போய் இருக்கச் சொல்ல இவ ஆர்? மார்க்ஸைக் கேக்காமல் வேறை என்னத்தைக் கேக்கிறது? பத்து மணித்தியாலம் ஃபக்டரியிலை நிண்டு பெட்டி அடைச்சுப்போட்டு வாறனான், பெட்டையின்ர மார்க்ஸுக்காகத்தானே.

அண்டைக்குப் பின்னேரம் ரீச்சர் உடுப்புத் தோய்க்க வந்தவ. நான் சும்மா ஒரு கதைக்குக் கேட்டன், "ரீச்சர், நீங்கள் ஊரிலை எவடம்?" வன்னியெண்டுதான் முதல் சொன்னவ. அது படிப்பிச்ச இடம், பிறந்த இடம் எவடம் எண்டன். சொன்னா. அப்பான்ர பேர் என்ன எண்டன். அதையும் சொன்னா. சொல்லிப்போட்டு என்னைப் பாத்த பார்வை இருக்குதே, ஏதோ நான் என்ன கேக்கிறன் எண்டு தனக்கு முதலே தெரியும் எண்ட மாதிரி. சரியான கெட்டிக்காரி. நான் லண்டன் மச்சாளுக்கு ஒரு போன் போட்டன். மச்சாளுக்கு எங்கட பக்கத்திலை தெரியாத வளவு இல்லை. ரெண்டு நாளுக்குள்ளை விசாரிச்சுச் சொல்லிப்போட்டா. அவை எங்கட ஆக்கள் இல்லையாம்.

எனக்கு அதாலை ஒண்டும் இல்லை. நான் உதெல்லாம் பாக்கிறேல்லை பிள்ளை. கனடாவுக்கு வந்து ஆர் உதைப் பாக்கிறது? வேலையிலை எல்லா நாட்டு ஆக்களோடையும் ஒரு மேசையிலை இருந்துதான் சாப்பிடுறன். மச்சாளுக்கும் அதைத்தான் சொன்னன், "அதுக்கென்ன மச்சாள், ரீச்சர் நல்ல மனுசி" எண்டு. அதுக்குப் பிறகும் நான் ரீச்சரோடை அதே சிரிப்புத்தான், அதே கதைதான். தேத்தண்ணி குடுக்கிறதுக்கு அவவுக்கெண்டு ஒரு கப் தனிய வாங்கி வச்சன். வடிவான கப், பூப் போட்டது. எங்களுக்கு இருக்கிறதை விட வடிவு. ஆரணிக்கு மட்டும் சொன்னன், "கீழை சாப்பிடாதை, உனக்கு வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது" எண்டு. ஒரு தாய் பிள்ளையின்ர வயித்தைப் பாக்கக்கூடாதே?

கிறிஸ்மஸ் அண்டைக்கு எங்கட வீட்டிலைதான் பார்ட்டி. நாங்கள் சைவசமயம் எண்டாலும் பிள்ளையளுக்காக மரம் வைக்கிறது. மார்க்கம் ரவுணிலை இருந்து தம்பியாக்கள், இவரின்ர பக்கத்து ஆக்கள், எல்லாரும் வந்திட்டினம். வீடு நிறைஞ்சுபோச்சு. பாத்தால், உள்படியாலை ரீச்சர் ஏறி வாறா. சீலை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ மட்டும்தான் இல்லை. கையிலை ஒரு பெரிய தட்டு நிறையப் பயித்தம் பணியாரம். ஆரணி எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள்! "என்ர கெஸ்ற் அம்மா" எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறாள். ரீச்சர் என்னட்டைத் தட்டை நீட்டி, "பயறு வறுத்து நானே இடிச்சனான் அக்கா, இஞ்சை வந்த பிறகு முதல்முதல் செய்யிறன்" எண்டா. முகத்திலை அப்பிடி ஒரு சந்தோசம்.

நான் என்ன செய்ய? வாங்கினன். மேசையிலை உண்மையாவே இடமில்லை. ரோல்ஸ், மட்டன் பிரியாணி, கேக், எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்குது. அதாலை கராஜுக்குள்ளை கொண்டுபோய் வச்சன். எங்கட ஆக்கள் எந்த நேரம் என்ன கேப்பினம் எண்டு எனக்குத் தெரியும். மச்சாள் ஏற்கெனவே போனிலை பாதிப்பேருக்குச் சொல்லிப்போட்டா. ஆரும் தொடாமல் விட்டால் ரீச்சருக்குத்தானே அவமானம்? நான் அவவைக் காப்பாத்தத்தான் செய்தனான். கதவுக்குக் கிட்ட ஒரு கதிரை போட்டு, பேப்பர் பிளேற்றிலை சாப்பாடு குடுத்தன். மற்றவைக்கும் பேப்பர் பிளேற்றோ எண்டு கேளாதேங்கோ, கண்ணாடிக் கோப்பை கணக்கா மற்றவைக்குத்தான் இருந்தது. கொஞ்சம் கொறிச்சுப்போட்டு எழும்பினா. போகேக்கை, "பணியாரம் எப்பிடி அக்கா?" எண்டு கேட்டா. எல்லாரும் நல்லாயிருக்குது எண்டவை, முடிஞ்சுபோச்சு எண்டு சொன்னன். "உண்மையாவே?" எண்டு திரும்பவும் கேட்டா. ஓம், ஒண்டும் மிச்சமில்லை எண்டன். ஒரு மனுசியின்ர மனசு குளிரட்டும் எண்டுதான் அந்தப் பொய்.

ஆக்கள் போன பிறகு பணியாரத்தைக் கொண்டுபோய், சாப்பாட்டுக் குப்பை போடுற கிறீன் பின்னுக்குள்ளை கொட்டினன். தட்டைக் கழுவித் துடைச்சு வச்சன். அடுத்தநாள் குப்பை எடுக்கிற நாள், குப்பைப் பின் ரோட்டுக் கரையிலை நிண்டது. விசயம் அதோடை முடிஞ்சிருக்கும். கோதாரியிலை போன ரக்கூன், உந்த இரவிலை குப்பை கிண்டுற மிருகம், விட்டால்தானே.

விடிய யன்னல் சீலையை விலத்திப் பாக்கிறன். ராத்திரி முழுக்க ஸ்னோ கொட்டி ரோட்டெல்லாம் ஒரே வெள்ளை. குப்பைப் பின் சரிஞ்சு மூடி திறந்து கிடக்குது. அந்த வெள்ளைக்கு மேலை மஞ்சள் மஞ்சளா, உருண்டை உருண்டையா, எங்கட வாசல்லை இருந்து பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் பணியாரம். ரக்கூன் ஒண்டைக் கடிச்சுப் பாத்துப்போட்டு மிச்சத்தை இழுத்து எறிஞ்சிருக்குது. ரீச்சர் ஷவலோடை நிக்கிறா.

ஷவலாலை ஒரேயடியா அள்ளி எறிஞ்சிருக்கலாம் பிள்ளை. நான் எண்டால் அதைத்தான் செய்திருப்பன். அவ கையுறையைக் கழட்டிப்போட்டு, குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொண்டாக் கையாலை பொறுக்கிறா. ஊதி ஊதி ஸ்னோவைத் தட்டி, திரும்பப் பின்னுக்குள்ளை போடுறா. அழவும் இல்லை. எனக்கு யன்னலடியிலை நிக்க ஏலாமல் போச்சு, வெளியிலை போகவும் ஏலாமல் போச்சு.

அதுக்குள்ளை ஆரணி கண்டிட்டாள். மேலை இருந்து ஓடிவந்து கதவைத் திறந்து, காலிலை ஒண்டும் இல்லாமல், சொக்ஸும் இல்லாமல், ஸ்னோவுக்குள்ளை இறங்கிப் போறாள். நான் பின்னாலை வாசலுக்கு ஓடினன். அவள் ரீச்சருக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சாள். ஒரு பணியாரத்தை எடுத்தாள். என்னைத் திரும்பிப் பாத்தாள். பாத்துக்கொண்டு வாயிலை போட்டாள்.

"துப்படி! துப்படி அதை!" எண்டு கத்தினன். ரோட்டெல்லாம் கேட்டிருக்கும்.

குப்பையிலை கிடந்ததுதானே பிள்ளை. ரக்கூன் வாய் வச்சது. அதுக்குத்தான் கத்தினன். எந்தத் தாயும் கத்துவாள். ஆனால் அந்த நேரம் ரீச்சர் நிமிந்து என்னைப் பாத்தவ. ஆரணியிட்டைத்தான் சொன்னவ, "உள்ளுக்குப் போங்கோ ஆரணி, கால் விறைக்கப்போகுது" எண்டு. ஆரணி மெண்டு விழுங்கிப்போட்டுத்தான் உள்ளை வந்தவள்.

வந்து குசினியிலை நிண்டு கேக்கிறாள், "அம்மா, நீங்கள் சாதி பாக்கிறனீங்களே?" எண்டு. பதினாறு வயசுப் பெட்டை, இஞ்சை பிறந்தது, அந்தச் சொல்லு ஆர் படிப்பிச்சது? ரீச்சர்தான் எண்டு நான் நினைச்சன். "எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, நீங்கள் மச்சாளோடை கதைச்சது எனக்கு மேலை கேட்டது" எண்டாள். இந்த வீட்டிலை எல்லா ஓட்டையாலையும் எல்லாம் கேக்கும் போலை. நான் சத்தியம் பண்ணினன், நான் பாக்கிறேல்லை எண்டு. பாத்திருந்தால் வீட்டிலை இருக்க விட்டிருப்பனே? கப் வாங்கிக் குடுத்திருப்பனே? இவர் சத்தம் கேட்டு எழும்பி வந்து கதவடியிலை நிண்டார். கொஞ்சநேரம் கேட்டார். திரும்பிப் போய்ப் படுத்திட்டார். அவர் அப்பிடித்தான்.

தைப்பொங்கலுக்கு முந்தி ரீச்சர் போயிட்டா. ஒட்டாவாவிலை ஆரோ சிநேகிதி, சின்னப்பிள்ளையளைப் பாக்கிற இடத்திலை வேலை எடுத்துத் தாறனெண்டு கூப்பிட்டவவாம். இந்த ஊர் தனக்குச் சரிவரேல்லை எண்டா. குளிர் ஒத்துக்கொள்ளேல்லை போலை. ஒட்டாவாவிலை இதைவிடக் குளிர் எண்டு சொன்னன், சிரிச்சா. பேஸ்மென்றைக் கூட்டித் துடைச்சு, அந்தப் பூப் போட்ட கப்பைக் கழுவிக் கவிட்டு வச்சிட்டுப் போயிருக்கிறா.

அண்டையிலை இருந்து ஆரணி என்ர சமையல் சாப்பிடேல்லை பிள்ளை. முதல் நான் கோவம் எண்டு நினைச்சன், ரெண்டு நாளிலை ஆறும் எண்டு. பிறகு டயற் எண்டு நினைச்சன். இப்பத்தைப் பிள்ளையள் எல்லாம் டயற்தானே. தானே நூடில்ஸ் அவிப்பாள், தானே ஒரு கோப்பை, தானே ஒரு கரண்டி, கழுவித் தன்ர அறைக்குள்ளை கொண்டுபோய் வைப்பாள். நான் அவளுக்குப் பிடிச்ச இறால் குழம்பு வச்சு, மேசையிலை மூடி வச்சிட்டு வேலைக்குப் போவன். வந்து பாத்தால் மூடினபடி கிடக்கும். சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை. பிடிக்கமாட்டாள். "தாங்ஸ் அம்மா, எனக்கு வேண்டாம்." பிறத்தியாரோடை கதைக்கிற மாதிரி அவ்வளவு மரியாதை. அப்பிடியே பள்ளிக்கூடம் முடிச்சு யூனிவர்சிற்றிக்கும் போயிட்டாள். கணக்குத்தான் படிக்கிறாள்.

இண்டைக்குக் காலமை வந்தவள். ஓம், நீங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முந்தி. லீவுக்கு வாறாள் எண்டு நான் முந்தநாளே இறால் வாங்கி வச்சிட்டன். வாசல்லை மணி அடிச்சுது. அவளிட்டைத் திறப்பு இருக்குது, எண்டாலும் மணி அடிச்சாள். கதவைத் திறந்தால், நீங்கள் இப்ப சப்பாத்துக் கழட்டின அந்தப் பாயிலை நிக்கிறாள். உள்ளை வரேல்லை. சப்பாத்தும் கழட்டேல்லை. தன்ர பெரிய ஜக்கெற்றை எடுத்துத் தரட்டாம், வெளியிலை கார் நிக்குதாம், ஒட்டாவாவுக்குப் போகுதாம். லீவு முழுக்க அங்கைதானாம். ஆரோடை நிக்கப்போறாய் எண்டு நான் கேக்கேல்லை. எனக்குத் தெரியாதே?

நான் ஓடிப்போய் ஒரு கோப்பையிலை சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தன். "ஒரு வாய் அம்மா, ஒரு வாய்" எண்டு கையிலை குழைச்சு நீட்டினன். இருவது வயசு வரப்போற பெட்டைக்கு, கதவடியிலை, சின்னப்பிள்ளைக்குத் தீத்துற மாதிரி. அவள் என்ர கையைப் பாத்தாள். தன்ர பைக்குள்ளை இருந்து தண்ணிப் போத்திலை எடுத்துக் குடிச்சாள். என்ர வீட்டு வாசல்லை நிண்டு, தன்ர தண்ணியைக் குடிச்சாள் பிள்ளை. எனக்கு அந்த இடத்திலையே உயிர் போயிருக்கலாம்.

போகேக்கை படியிலை நிண்டு ஒண்டு சொன்னாள். "கீழை ஆரோ வீடு பாக்க வருகினமாம் எண்டு அப்பா சொன்னவர். ஆர் வந்தாலும் ஊரிலை எவடம் எண்டு கேக்காதேங்கோ அம்மா." நான் ஓம் எண்டன். கேக்காமல் விட்டால் வருவியோ எண்டு கேட்டன். படியாலை இறங்கிப் போயிட்டாள். ஆனால் இல்லை எண்டு சொல்லேல்லை, கவனிச்சியளே? அவள் திரும்பி வாறதெண்டால் நான் என்னவும் செய்வன். நீங்கள் வந்து இவ்வளவு நேரமாச்சு. நான் உங்களிட்டை ஊர் கேட்டனானே? கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். பிள்ளைக்குக் குடுத்த வாக்கு.

சரி வாங்கோ, கீழை போவம். லைற் சுவிச் இஞ்சாலை. படி செங்குத்து, கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ. நல்ல வெளிச்சமான அறை, ரெண்டு பேருக்குத் தாராளம். உங்கட இவரும் வருவார்தானே? நல்ல பொடியனாத்தான் இருப்பார்.

ஊரிலை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சவர்? சும்மாதான் கேக்கிறன்.